அந்த இரண்டு நொடிக்கு நீங்கள்தான் பொறுப்பு: குத்துச்சண்டை அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

உலகப் பட்டங்களை வழங்கும் குத்துச்சண்டை அமைப்புகளின் நிர்வாகிகளுக்கும், தொழில்முறைப் போட்டிகளுக்கு அனுமதி தரும் ஆணையங்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

லாஸ் வேகஸில் 1990 மார்ச் 17 இரவு நடந்த போட்டியை உங்களில் பலர் நேரிலோ ஒளிப்பதிவிலோ பார்த்திருப்பீர்கள். ஜூலியோ சீசர் சாவேஸும் மெல்ட்ரிக் டெய்லரும் மோதினார்கள். இருவரும் அதுவரை தோல்வி கண்டதில்லை. பன்னிரண்டாவது சுற்றின் கடைசி அரை நிமிடத்தில் டெய்லர் மூலையில் விழுந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எண்ணி முடித்து, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். டெய்லரின் பார்வை, மேடை விளிம்பில் ஏறி நின்ற தன் பயிற்சியாளர் பக்கம் போனது. ஸ்டீல் கைகளை அசைத்துப் போட்டியை முடித்தார். மணி அடிக்க இரண்டு நொடி பாக்கி இருந்தது. மூன்று புள்ளி நடுவர்களில் இருவரின் தாளில் டெய்லர் வெகுவாக முன்னிலையில் இருந்தார். ஒருவர் 108-101 என்றும் மற்றவர் 107-102 என்றும் போட்டிருந்தார்கள். அந்த இரண்டு நொடி கடந்திருந்தால் வெற்றி அவருடையது.

அந்த இரண்டு நொடியைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நானும் பல ஆண்டுகள் டெய்லர் பக்கம் நின்று தொண்டை வறள வாதாடியவன். சாவேஸ் அந்தக் கணத்தில் தூரத்தில் இருந்தார், ஓடி வந்தாலும் ஒரு குத்து விட நேரமில்லை, ஆகவே அந்த நிறுத்தம் டெய்லரை எந்த அடியிலிருந்தும் காப்பாற்றவில்லை என்பது என் வாதம். அது இன்றும் வலுவான வாதம்தான். ஆனால் அதை நடுவரிடம் போய்க் கேட்பது தவறு என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது. அது உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. எனவேதான் இந்த மடலை எந்த நடுவருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மேடைக்குள் நடப்பதற்கு நடுவரே அதிகாரி என்று உங்கள் விதிகள் சொல்கின்றன. அவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இவனால் இப்போது தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா? புள்ளிக் கணக்கு, கடிகாரம், பரிசுத்தொகை, இருபது ஆண்டு உழைப்பு, எதற்கும் அந்தக் கேள்வியில் இடமில்லை. ஸ்டீலும் பிறகு இதைத்தான் சொன்னார். தான் நேரத்தைப் பார்ப்பதில்லை என்றும், போதும் என்ற நிலையில் ஒருவனைக் கண்டால் நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னார். டெய்லருக்கு முகத்தில் எலும்பு முறிந்திருந்தது. நிறைய இரத்தத்தை விழுங்கியிருந்தார். நேரத்தைப் பார்த்து உயிரை எடைபோடும் நடுவரை நான் விரும்பவில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு நொடி என்பதற்காக விட்டுவிடலாம் என்றால், ஐந்து நொடியில் என்ன செய்வார்? பத்தில்? அந்தக் கணக்குக்குள் இறங்கிய நடுவர் எதிரே இருப்பவனின் கண்ணைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

இது எனக்குப் புரிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். இளவயதில் நான் அமெச்சூர் போட்டிகளில் மோதியிருக்கிறேன். ஒரு மூன்று சுற்றுப் போட்டியில் இரண்டு சுற்று முடிந்தபோது நான்தான் முன்னிலையில் இருந்தேன். மூன்றாம் சுற்றில் தாடையில் ஓர் இடது ஹுக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, விழுந்தது. முழங்கால் தரையில் பட்ட மறுகணமே எழுந்தேன். கைகளைத் தூக்கி எதிராளியை நேருக்கு நேர் பார்த்தேன். நடுவர் குறுக்கே வந்து போட்டியை முடித்துவிட்டார். நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். பல மாதங்கள் இதை இப்படித்தான் நினைவில் வைத்திருந்தேன், எல்லோரிடமும் இப்படித்தான் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அந்தப் போட்டியின் ஒளிப்பதிவு கைக்குக் கிடைத்தது. அதில் நான் உடனே எழவில்லை. ஏழு எண்ணும் வரை முழங்காலில்தான் இருக்கிறேன். எழுந்த பிறகும் கைகள் இடுப்புக்கு மேல் வரவில்லை. என்னை நோக்கி நடந்து வா என்று நடுவர் சைகை காட்டுகிறார். நான் பக்கவாட்டில், ஆளில்லாத ஒரு மூலையைப் பார்த்து நடக்கிறேன். எதிராளி நின்றது மறுபக்கம். நான் கத்தவும் இல்லை, அவர் கையைத் தட்டிவிடவும் இல்லை. அவர் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. அடிபட்ட மூளை எனக்குக் கொடுத்த நினைவு அதுதான். அன்றிலிருந்து, நிறுத்தப்பட்ட வீரன் மேடையில் நின்று "நான் நன்றாகத்தான் இருந்தேன்" என்று சொல்லும்போது அவன் உள்ளத்தை நம்புகிறேன், சாட்சியத்தை நம்புவதில்லை. அவனுக்கு அந்த நேரத்தில் தன்னைப் பற்றிச் சொல்லத் தகுதி இல்லை. அந்தத் தகுதி இருப்பவர் ஓர் எட்டு தூரத்தில் நிற்கும் நடுவர். நமக்கு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டப்படும் படத்தில் முழங்கால் மடிவது தெரியும், தலை பின்னால் போவது தெரியும். கண் தெரியாது. குத்து விழுந்து அரை நொடி கழித்துத்தான் உடல் அதை உணர்வது தெரியாது. மூச்சின் சத்தம் கேட்காது. கேள்விக்குப் பதிலாக வந்தது வார்த்தையா வெறும் முனகலா என்பது தெரியாது. மெதுவாக ஓட்டிப் பார்த்து நாம் சொல்லும் தீர்ப்பை, ஓடும் நேரத்தில் அவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கில் பெனி பாரெட் மூலையில் மாட்டிக்கொண்டு, எமில் கிரிஃபித்தின் குத்துகளைத் தடுக்கக் கையைத் தூக்க முடியாமல் வாங்கிக்கொண்டிருந்தார். நடுவர் நுழைந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. பத்து நாட்களில் பாரெட் இறந்தார். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் ரே மன்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, பதினான்காவது சுற்றில் விழுந்தார், எழவும் செய்தார். சில நாட்களில் அவரும் இறந்தார். அந்தப் போட்டியின் நடுவர் ரிச்சர்ட் கிரீன் அடுத்த ஆண்டு தற்கொலை செய்துகொண்டார். அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு நடுவரின் தோளில் நாம் எதையெல்லாம் ஏற்றி வைக்கிறோம் என்று யோசிக்கும்போது அவர் பெயர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

2019 ஜூலையில் ரஷ்ய வீரர் மாக்சிம் தடாஷேவ். பதினோராவது சுற்று முடிந்து வந்து அமர்ந்தவரிடம் பயிற்சியாளர் மெக்கர்ட் நிறுத்திவிடலாம் என்று மன்றாடினார். தடாஷேவ் வேண்டாம் என்று தலையசைத்தார். மெக்கர்ட் கேட்கவில்லை, நிறுத்தினார். அந்தப் பயிற்சியாளர் செய்யக்கூடியது எல்லாம் செய்தார். ஆனாலும் அந்த 28 வயது இளைஞனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஒளிப்பதிவை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. அந்தத் தலையசைப்பை நான் அறிவேன்.

எனவே நடுவர் நிறுத்தியது சரியா தவறா என்ற விவாதத்தில் என் முதல் நிலைப்பாடு இதுதான்: ஐயம் இருந்தால் நிறுத்த வேண்டும். இதைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நின்றுவிடுகிறார்கள். உயிர்தானே பெரிது என்று சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் வாயடைத்துப் போவார் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் அங்கே நிற்க விரும்பவில்லை. அவசரப்பட்ட நிறுத்தம் என்று ஒன்று உண்டு. அதனால் பறிபோவதும் ஒரு வாழ்க்கைதான்.

2013 நவம்பர் 23 அன்று மான்செஸ்டரில் ஜார்ஜ் குரோவ்ஸுக்கு நடந்தது அது. முதல் சுற்றிலேயே உலகச் சாம்பியன் கார்ல் ஃப்ராச்சைக் கீழே தள்ளினார். எட்டுச் சுற்று வரை புள்ளியில் முன்னால் இருந்தார். ஒன்பதாவது சுற்றில் ஃப்ராச்சின் குத்துகள் விழுந்து அவர் தடுமாறியபோது நடுவர் ஹோவர்ட் ஃபாஸ்டர் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்துப் போட்டியை முடித்தார். குரோவ்ஸ் அடிபட்டிருந்தார், உண்மை. ஆனால் காலில் நின்றிருந்தார், திருப்பி அடிக்கவும் முயன்றார். எத்தனை முறை பார்த்தாலும் என் கண்ணுக்கு அது அவசரமாகத்தான் தெரிகிறது. டெய்லருக்கு நடந்ததையும் குரோவ்ஸுக்கு நடந்ததையும் ஒரே பட்டியலில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் இரண்டு முறை கேட்டும் பதில் சொல்லாதவர். மற்றவரிடம் எதுவும் கேட்கப்படவே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். குரோவ்ஸ் முறையிட்டார். உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப். அதைக் கேட்டு, மறுபோட்டிக்கு உத்தரவிட்டது. 2014 மே 31 அன்று வெம்ப்ளி மைதானத்தில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் இருவரும் மீண்டும் மோதினார்கள். எட்டாவது சுற்றில் ஃப்ராச்சின் ஒரே வலது கைக் குத்தில் எல்லாம் முடிந்தது. குரோவ்ஸ் தோற்றார். ஆனால் யாரும் அவரிடமிருந்து எதையும் திருடவில்லை. கேள்விக்கு மேடையிலேயே, ஆறு மாதத்தில் விடை கிடைத்தது.

மெல்ட்ரிக் டெய்லருக்கு அந்த விடை எப்போது கிடைத்தது? 1994 செப்டம்பரில். நான்கரை ஆண்டுகள் கழித்து. அதற்குள் அவர் பழைய டெய்லர் இல்லை. கால்களில் பழைய வேகம் இல்லை, தடுப்பில் கூர்மை இல்லை. எட்டாவது சுற்றில் நிறுத்தப்பட்டார். அது மறுபோட்டியே இல்லை. அந்த இரண்டு நொடியின் அநியாயம் நிறுத்தத்தில் இருக்கவில்லை, அதற்குப் பின் வந்த நான்கரை ஆண்டில்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். நடுவர் தன் வேலையைச் செய்தார். நீங்கள் உங்கள் வேலையைச் செய்யவில்லை.

நான் கேட்பதன் மையம் இது. சீக்கிரம் நிறுத்தியதால் வரும் நஷ்டத்தைச் சரிசெய்ய முடியும், தாமதித்ததால் வருவதைச் சரிசெய்ய முடியாது என்று எல்லோரும் சொல்கிறோம். சரி. அப்படியானால் அந்தச் சரிசெய்தல் எங்கே? அது விதியில் எழுதப்பட்டு, தானாக நடக்க வேண்டிய ஒன்றாக இருக்க வேண்டாமா? இப்போது அது வீரனின் பெயருக்கு எவ்வளவு கூட்டம் வரும், ஏற்பாட்டாளருக்கு விருப்பம் உண்டா, தொலைக்காட்சிக்கு நேரம் உண்டா என்பதைப் பொறுத்திருக்கிறது. குரோவ்ஸுக்குக் கிடைத்தது. சிறிய அரங்கில், முன்வரிசையில் ஐம்பது பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஆறு சுற்றுப் போட்டியில் அவசரமாக நிறுத்தப்பட்ட இளைஞனுக்கு என்ன கிடைக்கிறது? அவன் பதிவேட்டில் ஒரு தோல்வி. அடுத்த அழைப்பு வரும்போது கூலி பாதி.

சர்ச்சைக்குரிய ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறுகிய காலத்துக்குள் பரிசீலிக்க ஒரு குழு வேண்டும். மூத்த நடுவர்கள், மேடையோர மருத்துவர்கள், ஓய்வுபெற்ற வீரர்கள் அதில் இருக்கட்டும். நடுவர் குற்றவாளியா என்று அந்தக் குழு கேட்கக் கூடாது. இந்தப் போட்டி ஒரு விடையைத் தந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும். தரவில்லை என்றால் மறுபோட்டி, வரையறுத்த மாதங்களுக்குள், மருத்துவர் அனுமதித்தால். அதுவரை தோற்றவரின் தரவரிசை இறங்கக் கூடாது. டெய்லர் விஷயத்தில் இப்படி ஒரு குழு இருந்திருந்தால், ஸ்டீல் செய்தது சரி என்று சொல்லியே மறுபோட்டிக்கும் உத்தரவிட்டிருக்க முடியும். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. இந்த ஒரு விஷயம் ரசிகர்களுக்குப் புரியாமல் இருப்பதற்குக் காரணம், நீங்கள் ஒருபோதும் அப்படிச் செய்து காட்டாததுதான்.

தோற்ற ஒவ்வொருவனும் முறையிடுவான் என்பீர்கள். முறையிடட்டும். பெரும்பாலானவற்றை ஒருமுறை பார்த்தாலே தள்ளிவிடலாம். அதற்கு அஞ்சி வாசலையே கட்டாமல் இருக்க முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. தாமதமாக நிறுத்தப்பட்ட போட்டிக்கு முறையிட ஆளில்லை. வென்றவருக்குக் குறை இல்லை. தோற்றவர் கடைசி வரை நின்றதைப் பெருமையாக நினைக்கிறார். அவரது தரப்பும் அதைத்தான் சொல்லித் தேற்றுகிறது. ரசிகர்களோ, என்ன வீரம் என்று நாட்கணக்கில் கொண்டாடுகிறோம். அவர் வாங்கிய கடைசி இருபது குத்துகள் எதற்காக என்று கேட்கும் குரல் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதிர்ஷ்டவசமாக அவர் உயிரோடு வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் போட்டி ஒரு நல்ல போட்டியாகவே பதிவாகிவிடுகிறது. சீக்கிரம் நிறுத்தும் நடுவர் மட்டும் பேசுபொருள் ஆகிறார், தாமதித்தவர் அடுத்த பெரிய போட்டிக்கும் அழைக்கப்படுகிறார். இப்படி ஓர் ஏற்பாட்டில் நடுவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆகவே முறையீடு வராத போட்டிகளையும் அந்தக் குழு தானாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தரப்பு மட்டும் அடி வாங்கிக்கொண்டிருந்த சுற்றுகளை உட்கார்ந்து பார்த்து, எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நடுவரோடு பேச வேண்டும். அது தண்டனையாக வேண்டாம், பாடமாக இருக்கட்டும்.

நிறுத்துவது நடுவரின் பொறுப்பு மட்டும் என்ற பழக்கத்தையும் கைவிடுங்கள். 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில், பதினான்கு சுற்று முடிந்து, கண் வீங்கி ஏறக்குறைய எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஜோ ஃப்ரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழவிடவில்லை. ஃப்ரேசியர் எதிர்த்தார், ஃபட்ச் அசையவில்லை. எதிர்மூலையில் முகமது அலியும் ஓய்ந்துபோய்த்தான் இருந்தார். இன்னும் ஒரு சுற்றுதானே என்று அப்போதும் சிலர் அங்கலாய்த்தார்கள். எனக்கு அந்தப் போட்டியில் மிகப் பெரிய வீரன் ஃபட்ச்தான். பயிற்சியாளருக்கு உரிமம் தரும்போது, போட்டியை நிறுத்தச் சொல்லி எப்போது துண்டை வீச வேண்டும் என்பதை எத்தனை ஆணையங்கள் அவருக்குக் கற்றுக்கொடுக்கின்றன?

நடுவருக்கு ஒரு குரலும் வேண்டும். போட்டி முடிந்ததும் தோற்றவரிடம் ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள், வென்றவரிடம் நீட்டுகிறார்கள், பயிற்சியாளரிடமும் ஏற்பாட்டாளரிடமும் கேட்கிறார்கள். முடிவெடுத்தவர் மட்டும் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுகிறார். ஸ்டீலுக்கு அந்த இரவுக்குப் பிறகு பல ஆண்டுகள் அரங்குகளில் பெயர் அறிவிக்கப்படும்போதெல்லாம் கூச்சல் எழுந்தது. என்ன கண்டேன், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று நான்கு வரி எழுதி அன்றிரவே வெளியிடச் செய்யுங்கள். உடன்படாதவர்கள் அப்போதும் உடன்பட மாட்டார்கள். ஆனால் வாதம் ஒரு மனிதனின் நேர்மையைப் பற்றியதாக இல்லாமல், அவர் கண்டதைப் பற்றியதாக இருக்கும்.

இதெல்லாம் எங்கள் கையில் இல்லை, விளையாட்டின் இயல்பே அப்படி என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கிம் டுக்-கூ இறந்த பிறகு, உங்களில் ஒன்றான டபிள்யூ.பி.சி. அமைப்பு பட்டப்போட்டிகளைப் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மற்றவர்களும் குறைத்தார்கள். பதினைந்துதான் ஆண்மை என்று அன்று சொன்னவர்களும் இன்று பன்னிரண்டைப் பழகிவிட்டார்கள். 1991 செப்டம்பரில் கிறிஸ் யூபேங்குடனான போட்டியில் மூளையில் காயமடைந்த மைக்கேல் வாட்சன், பிரிட்டன் தொழில்முறைக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார். மேடையோரத்தில் உடனடிச் சிகிச்சைக்கு முறையான ஏற்பாடு செய்ய வேண்டிய கடமை வாரியத்துக்கு இருந்தது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. விதி வகுப்பவருக்கு வீரனின் உடல் மேல் கடமை உண்டு என்பது அன்றே எழுதப்பட்டுவிட்டது. அவனது தொழிலின் மேலும் அந்தக் கடமை உண்டு என்பதை நீங்களாக எழுதுங்கள். இன்னொரு வழக்குக்காகக் காத்திருக்க வேண்டாம்.

என்னை நிறுத்திய நடுவரின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒளிப்பதிவைப் பார்த்த பிறகு தேடினேன், கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அதே எதிராளியோடு எனக்கு மறுபோட்டி கிடைத்தது. புள்ளிகளில் தோற்றேன். அதன் பிறகு அந்த முதல் போட்டியைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. அந்த மூன்று மாதத்தைத்தான் எல்லா வீரர்களுக்கும் கேட்கிறேன்.

உங்கள் அடுத்த விதிக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்தீர்களா என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
மூன்றாம் சுற்றில் நிறுத்தப்பட்ட ஒரு முன்னாள் அமெச்சூர் வீரன்